ஒரு சிறுவனுக்குக் கொடுத்த வாக்கும் ஓய்வுநாள் பாடசாலைப் பணியும்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். வயது 26. பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் (ஞாயிறு பள்ளியில்) சின்ன வகுப்பை நடத்தி வந்த ஆசிரியை கனடாவுக்குப் போய்விட்டதால், அந்த வகுப்பைப் பொறுப்பெடுக்கும்படி போதகர் கேட்டார். மறுக்க மனமில்லாமல் சம்மதித்தேன். 6 வயது முதல் 9 வயது வரையான 14 பிள்ளைகள் வருகிறார்கள். எனக்குப் பயிற்சி எதுவும் இல்லை, பாடவும் வராது. பிள்ளைகளை அமைதியாக இருத்த என்னால் முடியவில்லை. உதவிக்கு இருக்கும் அன்ரி நீண்ட காலமாக இந்தப் பணியில் இருப்பவர். போரினால் ஏற்பட்ட 1995 இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் மரநிழலில் வைத்தும் வகுப்பு நடத்தியவர். அவர் வேலியில் முறித்த கிளுவந்தடியோடு வருகிறார், தேவைப்பட்டால் அடிக்கவும் செய்கிறார். இவற்றையெல்லாம்விட என்னை உறங்கவிடாத விடயம் ஒன்று இருக்கிறது. சென்ற ஞாயிறு எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்று, சித்தப்பா குடித்துவிட்டு வந்தால் வயரால் அடிப்பார் என்று சொல்லிக் காலைக் காட்டினான். அவனுடைய தாய் குவைத்தில் வேலை செய்கிறார். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். ஓய்வுநாள் பாடசாலைக்குப் பொறுப்பான மாஸ்ரரிடம் பொதுவாகக் கேட்டபோது, இப்படியானவற்றை வெளியே கொண்டுபோனால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்றார். நான் வாக்கை மீறலாமா? இந்தப் பணிக்கு நான் தகுதியானவள்தானா, அல்லது விலகுவதுதான் முறையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிறுவனைப் பற்றிய பகுதிக்கு அன்றைக்கே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பியிருந்தேன். இதே நிலையில் வேறு ஆசிரியர்களும் இருக்கக்கூடும் என்பதால், உங்கள் அனுமதியோடும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இங்கே விரிவாக எழுதுகிறேன். உளவளத்துணையாளராக என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர், தங்கள் துன்பத்தை முதன்முதலில் சொன்னது வீட்டாரிடமோ வைத்தியரிடமோ அல்ல. தங்களைப் பெயர் சொல்லி அழைத்து, சொல்வதை இடைமறிக்காமல் கேட்ட ஒரு ரீச்சரிடமோ அக்காவிடமோதான். அந்தப் பிள்ளை உங்களைத் தெரிந்தெடுத்திருக்கிறான். பயிற்சி இல்லை, பாட வராது என்று நீங்கள் எழுதியிருப்பவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். மூன்று நான்கு கிழமைகளுக்குள் ஒரு பிள்ளை உங்களிடம் காலைத் திறந்து காட்டுமளவுக்கு நம்பினான் என்பதைக் கற்றுக்கொடுக்க எவராலும் முடியாது.

வாக்கை மீற வேண்டும். இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எட்டு வயதுப் பிள்ளை ‘ஒருவருக்கும் சொல்லாதீர்கள்’ என்று கேட்பது, சொன்னால் இன்னும் அடி விழும் என்ற பயத்தினால். சொல்லாமல் விட்டாலும் அடி விழுந்துகொண்டுதான் இருக்கும் என்பதை நிறுத்துப் பார்க்கும் வயது அவனுக்கு இல்லை. அதை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு வளர்ந்தவர்களாகிய எங்களுடையது. ஆனால் வாக்கை மீறுவதையும் அவனுக்குத் தெரியாமல் செய்யக்கூடாது. அவனைத் தனியாக, ஆனால் மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருத்தி, நேரடியாகச் சொல்லுங்கள்: “தம்பி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லியிருக்கக் கூடாது. உனக்கு அடி விழுறது உன்ர பிழையில்லை. இதை நிப்பாட்டக்கூடிய ஆக்களுக்கு மட்டும் நான் சொல்லப்போறன். வகுப்புப் பிள்ளையளுக்குத் தெரியவராது.” இவ்வளவு போதும். இனிமேல் எந்தப் பிள்ளை சத்தியம் கேட்டாலும், ‘உனக்குக் காயம் வருகிற விடயமென்றால் நான் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னபிறகும் பிள்ளைகள் சொல்லத்தான் செய்கிறார்கள்.

அவன் சொன்னதை அவன் பாவித்த அதே வார்த்தைகளில், திகதி, நேரம், நீங்கள் கண்ட தழும்பு எங்கே எப்படி இருந்தது என்பவற்றோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலும் மேலும் கேள்வி கேட்டு விசாரிக்க வேண்டாம்; எத்தனை முறை, எதற்காக, அம்மாவுக்குத் தெரியுமா என்று ஒவ்வொருவரும் கேட்கக் கேட்கப் பிள்ளை மிரண்டு, சொன்னதை மாற்றிச் சொல்லத் தொடங்கும்; பின்னர் அதையே காட்டி ‘பிள்ளை பொய் சொல்கிறான்’ என்பார்கள். காயத்தைத் தொலைபேசியில் படமெடுக்கவும் வேண்டாம். தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி முறைப்படி பரிசோதித்துப் பதிவு செய்வார்.

போதகருக்கு அன்றைக்கே தெரிவியுங்கள். ஆனால் போதகருக்குச் சொல்வதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. எங்கள் சபைகளில் இப்படியான செய்தி வந்ததும் நல்ல மனதோடு செய்யப்படும் ஒரு காரியத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன்: இரண்டு மூன்று பெரியவர்கள் அந்த வீட்டுக்குப் போய், ஜெபம் செய்து, அடித்தவருக்குப் புத்தி சொல்லிவிட்டு வருவது. பெரியவர்கள் படலையைக் கடந்ததும் வீட்டுக்குள் நடக்கும் முதல் விசாரணை, ‘ஆரடா இதைச் சொன்னது’ என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எவரிடமும் எதுவும் சொல்லமாட்டான். எனவே பாதுகாப்பு ஏற்பாடு ஆகும்வரை சித்தப்பாவிடம் எவரும் கதைக்க வேண்டாம் என்பதைப் போதகரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்.

முறைப்பாட்டை எங்கே செய்வது என்பது உங்களுக்குப் புதிதல்ல. நீங்கள் வேலை செய்யும் பிரதேச செயலகத்திலேயே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். உங்கள் மேசைக்கு அப்பால் இரண்டு மேசை தள்ளி இருக்கவும் கூடும். அவர் ஊடாக, சிறுவர் பராமரிப்புக்குப் பொறுப்பான நன்னடத்தைத் திணைக்களத்துக்கு விடயம் போகும். இரவிலோ விடுமுறை நாளிலோ அவசரமென்றால், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்கும் போகலாம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே அடித்துத் துன்புறுத்துவது குற்றம். அது குடும்ப விடயம், நாங்கள் தலையிடக் கூடாது என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மாஸ்ரரின் பயம் பொய்யான பயமல்ல. இல்லங்களில் விடப்பட்ட பிள்ளைகளை அவர் கண்டிருப்பார், நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் பிள்ளையை எங்கே இருத்துவது என்பதை ஒரு உத்தியோகத்தர் தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைப் பார்த்து நீதவான்தான் கட்டளையிடுவார். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளையைப் பொருத்தமான ஓர் உறவினரிடமோ வேறு தகுதியான ஆளிடமோ ஒப்படைக்கவும் வழி விடுகிறது. அம்மம்மா, மாமி, பெரியம்மா என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது இருக்கிறார்களா என்று அறிந்து உத்தியோகத்தருக்குச் சொல்வதே, சபை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. அப்படி ஒருவர் முன்வந்தால், அவருக்கு அரிசி பருப்பாகவோ பாடசாலைச் செலவாகவோ சபை கைகொடுக்கலாம். தாய்க்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை உத்தியோகத்தரோடு பேசித் தீர்மானியுங்கள். குவைத்தில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் தாய் இதைத் திடீரென்று கேட்டு, அங்கிருந்து சித்தப்பாவுக்கே தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தால், அன்றிரவு அதன் விளைவு பிள்ளையின் மேல் விழும்.

அதற்குப் பிறகு வரும் ஞாயிறுகளில் அவனைச் சிறப்பாகக் கவனிக்கிறேன் என்று எல்லோர் முன்னிலும் அணைத்து வைத்திருக்க வேண்டாம். மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் கலர்ப் பென்சில் கொடுங்கள், அவனுடைய பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், வராத கிழமையில் ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள்.

இனி உங்கள் பாதுகாப்பும் மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பும். அன்று அவன் நின்றபோது மண்டபத்தில் நீங்கள் இருவர் மட்டுமே இருந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சத்தம் ஆலயத்துக்குக் கேட்காதிருக்கக் கதவைச் சாத்தி வைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கதவைத் திறந்து வையுங்கள். ஆராதனைக்குச் சத்தம் கேட்டால் கேட்கட்டும். ஒரு வகுப்பில் எப்போதும் வளர்ந்தவர்கள் இருவர் இருக்க வேண்டும். பிள்ளையை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவது, வீட்டில் கொண்டுபோய் விடுவது, தனியாகக் கதைப்பது எல்லாம் இன்னொருவர் பார்க்கும்படியே நடக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட முறையில் தொலைபேசிச் செய்தி அனுப்புவதையும், பெற்றோரின் சம்மதமில்லாமல் படங்களை முகநூலில் போடுவதையும் ஆசிரியர் எவரும் செய்யக்கூடாது. இதைக் கேட்டதும், ‘எங்கள் சபையில் அப்படிப்பட்டவர்கள் இல்லை’ என்று சிலர் மனம் வருந்துவார்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் நன்கு அறிமுகமானவர்களே என்பது என் தொழிலில் இருக்கும் எவரும் அறிந்தது. ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், நல்லவர் மேல் வீண்பழி விழாது. தீய எண்ணத்தோடு வருபவருக்குத் தனிமை கிடைக்காது. புதிதாகப் பணிக்கு வரும் எவரையும் சில மாதங்கள் உதவியாளராக இருத்திப் பார்த்த பின்பே வகுப்பைக் கொடுக்க வேண்டும் என்று போதகரிடம் கேளுங்கள். உங்களையும் அப்படி ஆறு மாதம் அன்ரியோடு இருத்தியிருக்க வேண்டும்.

அன்ரியின் தடியைப் பற்றி. கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கியிருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் செய்யக்கூடாத ஒன்றை ஞாயிற்றுக்கிழமை ஆலய மண்டபத்தில் செய்ய முடியாது. வீட்டில் வயரடி வாங்கிவிட்டு வரும் பிள்ளை, இங்கும் ஒரு கையில் தடியைக் கண்டால் எதை நம்புவான்? நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றி வரும் வசனத்தை யாராவது எடுத்துக்காட்டினால் விவாதிக்க வேண்டாம். சீஷர்கள் பிள்ளைகளை அதட்டியபோது இயேசு கோபப்பட்டது சீஷர்கள் மேலேதான் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் அன்ரியை அவமானப்படுத்திவிடாதீர்கள். வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, தலைக்கு மேல் கூரை இல்லாதிருந்த நாட்களிலும் பிள்ளைகளை மரத்தின் கீழ் கூட்டிக் கதை சொன்ன ஒருவருக்கு, இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் கடன்பட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அவருடைய வீட்டுக்குப் போய், “அன்ரி, பிள்ளையளை இருத்திற வேலையை நான் பாக்கிறன், நீங்கள் கதையைச் சொல்லுங்கோ; உங்களைப் போல எனக்குச் சொல்ல வராது” என்று கேட்டுப் பாருங்கள். கதை சொல்பவரின் கைக்குத் தடி தேவைப்படாது. அப்படியும் அவர் அடிப்பதை நிறுத்தாவிட்டால், போதகர் அவரோடு கதைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் ஏன் சத்தம் போடுகிறார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. வீட்டிலிருந்து ஏழரைக்கு வெளிக்கிடுகிறார்கள். ஆராதனையில் இரண்டாம் பாட்டு வரை பெற்றோரோடு இருந்துவிட்டு மண்டபத்துக்கு வருகிறார்கள். அங்கே பெரியவர்களுக்கான பிளாஸ்ரிக் கதிரைகளில் இருக்கிறார்கள். சீற் கூரைக்குக் கீழே ஒன்பது மணிக்கே வெக்கை ஏறிவிடுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதிரையில் கால் நிலத்தில் முட்டாது. கால் தொங்கும் பிள்ளை காலை ஆட்டும். ஆட்டினால் முன் கதிரையில் படும். முன்னால் இருப்பவன் திரும்புவான். அதோடு உங்கள் பாடம் முடிந்தது. கதிரைகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாயை விரியுங்கள். வந்ததும் ஒரு கோப்பை தண்ணீரும் இரண்டு பிஸ்கற்றும் கொடுங்கள். காலையில் வெறும் தேநீரோடு வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயமாக இருப்பார்கள். கதை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குப் பிறகு எழும்பி நிற்கும், கைகால் அசைக்கும் ஏதாவது ஒன்று, பின்னர் வரைதல். ஒன்பது வயதுப் பிள்ளைகள் வசனத்தை வாசிக்க, சின்னவர்கள் திருப்பிச் சொல்லட்டும். அதிகம் குழப்படி செய்பவனிடம் பென்சில் பெட்டியைக் கொடுத்துப் பகிரச் சொல்லுங்கள். நீங்கள் குரலை உயர்த்தினால் அவர்கள் இன்னும் உயர்த்துவார்கள். தாழ்த்திப் பேசிப் பாருங்கள்.

மனன வசனம் சொல்லாத பிள்ளைக்குப் புள்ளி குறைப்பது, பெயரைப் பலகையில் எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரில் ரொபேர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, கிழமையில் ஆறு நாளும் ஊசித் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வாக இருந்தது. எழுத வாசிக்கவும் வேதம் படிக்கவும் அந்த ஒரு நாளை அவர் பயன்படுத்தினார். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் குடியேறியதிலிருந்து எங்கள் மண்ணிலும் ஆலயத்தோடு பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தது. இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவுக்குக் குறைவில்லை. நாலாம் வகுப்பிலேயே புலமைப்பரிசில் ரியூசன் தொடங்கிவிடுகிறது. சில பிள்ளைகள் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அடுத்த வகுப்புக்கு ஓடுகிறார்கள். எவரோடும் ஒப்பிட்டு அளக்கப்படாமல் இருக்கும் ஒரு மணித்தியாலமாவது அவர்களுக்கு ஆலயத்தில் கிடைக்கட்டும்.

கதைகளைத் தெரிவு செய்யும்போதும் உங்கள் பாயில் இருக்கும் பிள்ளைகளை மனதில் வையுங்கள். பரமபிதா உன் அப்பாவைப் போன்றவர் என்று சொன்னால், அப்பாவை வெளிநாட்டுத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்ட பிள்ளைக்கு அது ஒன்றாகவும், குடித்துவிட்டு அடிக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு வேறொன்றாகவும் போய்ச் சேரும். இயேசு தாமே வேறு படங்களையும் தந்திருக்கிறார்: காணாமற்போன ஆட்டைத் தேடிப்போகும் மேய்ப்பன், குஞ்சுகளைச் செட்டைகளின் கீழ் சேர்க்கும் கோழி. ஆட்டையும் கோழியையும் வளவுக்குள் தினமும் காணும் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன கதையையும், ஏரோது குழந்தைகளைக் கொன்ற கதையையும் இந்த வயதுக்கு விட்டுவிடலாம். பிழை செய்தால் கடவுள் தண்டிப்பார் என்று பயமுறுத்தவே வேண்டாம். அடி வாங்கும் பிள்ளைகள், தாங்கள் கெட்டவர்கள் என்பதால்தான் அடி விழுகிறது என்று ஏற்கெனவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கடவுளின் கையொப்பத்தையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

விலகுவதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது விலக வேண்டாம். அந்தச் சிறுவன் வாயைத் திறந்த அடுத்த கிழமையே நீங்கள் காணாமற்போனால், தான் சொன்னதால்தான் அக்கா போய்விட்டார் என்று அவன் எடுத்துக்கொள்வான். வருட முடிவுவரை நிற்பதாகப் போதகரிடம் சொல்லுங்கள்; பதிலுக்கு, இன்னொரு உதவியாளரையும், மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் முழுமையாக இருப்பதற்கான ஓய்வையும் கேளுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளோடு இருந்து, தான் திருவிருந்துக்குப் போகாமல், பிரசங்கம் கேளாமல் வற்றிப்போய் விலகிய நல்ல ஆசிரியைகளை நான் அறிவேன். வருட முடிவில் தொடர முடியாதென்று கண்டால், அடுத்தவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தி, விடைபெற்று விலகுங்கள்.

பாட வராதது ஒரு குறையே அல்ல. அபிநயப் பாடல்களைப் பெரிய வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் ஒப்படையுங்கள்; அவள் முன்னால் நின்று செய்ய, நீங்களும் சின்னவர்களோடு நின்று கையை அசையுங்கள்.

உத்தியோகத்தரிடம் முறைப்பாடு பதிவான பின் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது சிறுவனின் பெயரையோ ஊரையோ குறிப்பிட வேண்டாம்.